வாங்காத கடனுக்கு வாய் பொத்தி நிற்பதா?

வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதில் நம் மக்களுக்கு என்றும் இரண்டு கருத்து இருந்ததில்லை. மழை பொய்த்த வருஷத்திலும் தாலிக்கொடியை அடகு வைத்துக் கடன் அடைத்த குடும்பங்களிலிருந்து ரயிலேறி இந்த மும்பைக்கு வந்தவர்கள் நாம். ஆனால் வாங்காத கடனுக்கு என்ன செய்வது? விண்ணப்பம் எழுதவில்லை, கையெழுத்துப் போடவில்லை, பணத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. இருந்தும் "உன் பெயரில் கடன் இருக்கிறது, கட்டு" என்று ஒருவன் வாசலில் வந்து நின்றால் அவனுக்கு நாம் என்ன பதில் சொல்ல வேண்டும்?

நம் சங்க அலுவலகத்துக்கு முன்பெல்லாம் ரேஷன் கார்டு, கூலிப் பாக்கி, கோலியைக் காலி செய்யச் சொல்லும் தகராறு என்று வருவார்கள். இப்போது தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் சீத்தா கேம்பிலிருந்தும் கைபேசியைக் கையில் பிடித்தபடி வருகிறார்கள். "ஐயா, நான் வாங்கவே இல்லை, கட்டு கட்டு என்கிறான்" என்று கலங்குகிறார்கள். நம் ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் எவனோ எடுத்துக் கடன் வாங்கியிருக்கிறான். வாங்கியவன் மறைந்துவிட்டான், கொடுத்தவன் நம் கழுத்தைப் பிடிக்கிறான்.

சங்கத்தின் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடன் கொடுத்தேன் என்று சொல்பவன்தான் அதை நிரூபிக்க வேண்டும். "வாங்கவில்லை" என்று நிரூபிக்கும் சுமையை நாம் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. ஒரு விஷயம் உண்டு என்று சொல்லி வழக்காடுபவனே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது 1872 ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்த விதி. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. கோர்ட்டில் செல்லும் இந்த நியாயம் நம் கோலி வாசலில் மட்டும் ஏன் தலைகீழாகிறது?

தடியிலிருந்து கைபேசிக்கு

கடன் வசூலுக்கு ஆள் வைத்து மிரட்டுவது இந்த நகரத்துக்குப் புதிதல்ல. வெள்ளையர் காலத்தில் மில் வாசலிலும் பட்டறை வாசலிலும் சம்பள நாளன்று தடியுடன் காத்து நின்ற பட்டாணி வட்டிக்காரர்களைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1929 இல் அமைக்கப்பட்டு 1931 இல் அறிக்கை கொடுத்த ராயல் தொழிலாளர் கமிஷன் இதை விரிவாக எழுதியது. தொழிற்சாலை வாசலை மறித்துக் கடன் வசூலிப்பதைப் போலீஸ் நடவடிக்கைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது. வங்காளத்தில் 1934 ஆம் ஆண்டு இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அந்தச் சிபாரிசு வானத்திலிருந்து விழுந்ததல்ல. தொழிலாளர்கள் கமிஷன் முன்னால் வந்து வாய் திறந்து சொன்னதால் எழுதப்பட்டது.

எந்த இனத்தாரையும் குறை சொல்ல இதை நாம் எழுதவில்லை. பட்டாணியிடம் கொள்ளை வட்டி இருந்தது, கையில் தடி இருந்தது. ஆனால் அவன் கடன் கொடுத்தவனின் முகம் அவனுக்குத் தெரியும். இன்றைக்குக் கைபேசியில் ஐந்து நிமிஷத்தில் கடன் கொடுக்கும் கம்பெனி நம் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. எண்களைப் பார்த்துக் கொடுக்கிறது. அந்த எண்கள் யார் கையில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

2022 ஆம் ஆண்டு இந்தித் திரைப்பட நடிகை சன்னி லியோனும் நடிகர் ராஜ்குமார் ராவும் தங்கள் பான் எண்ணில் யாரோ கடன் வாங்கிவிட்டதாகப் பகிரங்கமாகச் சொன்னார்கள். ஒன்று 2,000 ரூபாய், மற்றது 2,500 ரூபாய். ஊரெல்லாம் சுவரொட்டியில் பார்க்கும் முகங்கள் அவை. அந்த முகங்களையே சரிபார்க்காமல் கடன் கொடுத்தவர்கள், பெயிண்ட் அடிக்கும் முத்துவையும் இட்லி விற்கும் மாரியம்மாளையும் சரிபார்த்தா கொடுத்திருப்பார்கள்?

அவசரத்தில் கொடுத்தால் வியாபாரம் பெருகும், லாபம் கூடும். அந்த லாபம் அவர்களுக்கு. அவசரத்தில் வரும் தவறு மட்டும் நமக்கா? ரயில்வே கவுண்டரில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று தெரியும். மாலையில் கணக்கு முடிக்கும்போது 50 ரூபாய் குறைந்தால் குமாஸ்தாதான் கைக்காசைப் போட வேண்டும். வரிசையில் நின்ற பயணியிடம் போய் "நீ கொடு" என்று கேட்க முடியாது. மாதச் சம்பளக்காரனுக்கு இருக்கும் இந்தப் பொறுப்பு கோடிக்கணக்கில் புரளும் கம்பெனிக்கு ஏன் இல்லை என்று நாம் கேட்கிறோம்.

நம் பெயர் எங்கே களவு போகிறது?

"ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்" என்று நமக்கே உபதேசம் செய்கிறார்கள். புலம்பெயர்ந்த தொழிலாளி எப்படி வாழ்கிறான் என்று அறியாதவர்கள் சொல்லும் பேச்சு இது. சொந்த ஊரில் இருப்பவனுக்கு அடையாளம் அவன் தெரு. நமக்கு அடையாளம் ஜெராக்ஸ் காகிதம். கோலி பிடிக்க ஏஜெண்டிடம் ஒரு காப்பி, வாடகை ஒப்பந்தத்துக்கு ஒன்று, போலீஸ் பதிவுக்கு ஒன்று, சிம் கடையில் ஒன்று, காண்டிராக்டரிடம் ஒன்று, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் ஒன்று, கேஸ் சிலிண்டருக்கு ஒன்று. இத்தனை கை மாறிய காகிதத்தில் எது எந்தக் கடையின் மேஜையில் கிடக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள் என்று ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று காரணம் சொல்லி இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. கொடுக்காதே என்று ஒரு வாய் சொல்கிறது. கொடுக்காவிட்டால் எந்த வேலையும் நடக்காது என்று நூறு கவுண்டர்கள் சொல்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவனைப் பார்த்து அஜாக்கிரதை என்பது அநியாயம்.

நம்மிடம் வந்த புகார்களில் இன்னொரு வழியும் தெரிகிறது. தவணையில் கைபேசி வாங்கக் கடைக்குப் போகிறார்கள். ஏஜெண்டு போட்டோ எடுக்கிறான், கைபேசிக்கு வந்த எண்ணைக் கேட்டு வாங்குகிறான், "உங்களுக்குக் கடன் கிடைக்கவில்லை" என்று திருப்பி அனுப்புகிறான். மூன்று மாதம் கழித்து வாங்காத கைபேசிக்குத் தவணை கேட்டு ஆள் வருகிறது. "சர்க்கார் உதவிப் பணம் வரும்" என்று சொல்லி விரல் ரேகை வாங்கிப் போனவர்களும் உண்டு.

ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது

சங்கத்தில் நடந்த ஒரு விவகாரத்தைப் பெயர் சொல்லாமல் எழுதுகிறோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் இருபது வருஷமாகப் பெயிண்டர். ஆதாரில் இன்னும் ஊர் விலாசம்தான். அதனால் முதல் நோட்டீசு ஊருக்குப் போனது. வயதான தாய் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனார். "உன் மகன் 47,000 ரூபாய் கடன் வாங்கிக் கட்டவில்லை, போலீஸ் வரும்" என்று அவர் சொல்லிவிட்டார். நோட்டீசில் போலீஸ் என்ற சொல்லே இல்லை. அந்த அம்மாள் மூன்று நாள் சாப்பிடவில்லை.

பிறகு கைபேசியில் மிரட்டல் ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு முப்பது தடவை. அவர் வேலைக்குப் போன பிறகு இரண்டு பேர் கோலிக்கு வந்து, தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் காதில் விழும்படி "உன் புருஷன் திருடன்" என்று அவர் மனைவியிடம் சத்தம் போட்டார்கள். மகளுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாய் என்ன செய்வாள்? மூக்குத்தியையும் வெள்ளிக் கொலுசையும் அடகு வைத்து, வந்தவர்கள் சொன்ன எண்ணுக்கு 6,000 ரூபாய் அனுப்பினாள். "இதோடு விட்டுவிடுங்கள்" என்று கெஞ்சினாள்.

அவர்கள் விடவில்லை. "வாங்காத கடனாக இருந்தால் 6,000 ஏன் கட்டினாய்?" என்று அடுத்த வாரம் அவளையே திருப்பிக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் சங்கத்துக்கு வந்தார்கள். போலீசில் புகார் கொடுத்தோம். கம்பெனிக்குக் கடிதம் எழுதினோம், பதில் இல்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதினோம். நாலாவது மாதம் கம்பெனியின் காகிதம் வந்தது. அதில் இருந்த கைபேசி எண் இவருடையதல்ல. பணம் போன வங்கிக் கணக்கு, இவர் கால் வைத்தே அறியாத ஒரு நகரத்தில் இருந்தது. போட்டோவில் இருந்தவன் வேறு ஆள். இத்தனையும் முதல் நாளிலிருந்தே அவர்கள் கோப்பில் இருந்தது! ஒரு குமாஸ்தா பத்து நிமிஷம் ஒதுக்கிப் பார்த்திருந்தால் அந்தப் பெண் குழாயடியில் அவமானப்பட்டிருக்க மாட்டாள். கடன் கணக்கு ரத்தானது. 6,000 ரூபாய் இன்னும் திரும்பி வரவில்லை. அதற்காகத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்

இந்த விவகாரத்திலிருந்து முதலில் படிக்க வேண்டியது இது: நாம் வாங்காத கடனுக்கு, தொல்லை ஒழியட்டும் என்று ஒரு ரூபாயும் கட்டக் கூடாது. கட்டிய பணம் கடனை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகக் காட்டப்படும். "பாதி கட்டு, முடித்துவிடலாம்" என்ற பேச்சுக்கும் செவி சாய்க்காதீர்கள். கைபேசிக்கு வரும் எண்ணைச் சொல்லாதீர்கள். அவர்கள் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்தோ ரேகையோ வைக்காதீர்கள்.

இரண்டாவது, ஜெயில் பயம். பணம் கட்ட முடியாத ஏழையை அந்த ஒரே காரணத்துக்காகச் சிறையில் போட முடியாது என்று 1980 இல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். உண்மையாகவே கடன்பட்டவனுக்கே இந்தப் பாதுகாப்பு என்றால், கடனே படாதவன் ஏன் நடுங்க வேண்டும்? உழைப்பாளியின் கூலியைக் கோர்ட்டு ஜப்தி செய்ய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60 ஆவது பிரிவு இடம் கொடுக்கவில்லை. லோக் அதாலத் நோட்டீசு வந்தால் அது வாரண்டு அல்ல. அங்கே இரு தரப்பும் சம்மதித்தால்தான் சமரசம். போய், "நான் வாங்கவில்லை, சம்மதமில்லை" என்று சொல்லிவிட்டு வரலாம். ஆனால் உண்மையான கோர்ட்டு சம்மனை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். எது எந்தக் காகிதம் என்று தெரியாவிட்டால் அன்றைக்கே சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது, சொந்தபந்தங்களின் பயம். கடனில் கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடாத மனைவி, அண்ணன், மைத்துனர் யாரும் கடனுக்குப் பொறுப்பல்ல. ஊரில் இருக்கும் உறவினரைக் கூப்பிட்டு மிரட்டுவது வெறும் உருட்டல்.

வசூல் ஆளுக்கும் வரம்பு உண்டு

2007 இல் ஒரு தனியார் வங்கி வழக்கில், அடியாட்களை வைத்துக் கடன் வசூலிக்கக் கூடாது, சட்ட வழியில்தான் வசூலிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் கண்டித்தது. 2008 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு விதி வகுத்தது. வசூலுக்கு வரும் ஆள் அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். இதைவிட முக்கியமான ஒரு விதியும் அதில் உண்டு. கடன்காரர் புகார் கொடுத்திருந்தால், அந்தப் புகாரை முடிக்கும்வரை வசூல் ஏஜென்சியிடம் விவகாரத்தை ஒப்படைக்கக் கூடாது. வீண் புகார் என்று ஆதாரத்தோடு தெரிந்தால் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே வாசலில் நின்று வாய்ச்சண்டை போடுவதைவிட, எழுத்தில் கொடுத்த புகார் பெரிய ஆயுதம்.

2022 ஆகஸ்டில் மறுபடியும் ரிசர்வ் வங்கி சொன்னது: பாக்கி கேட்டுக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது; வாயாலோ கையாலோ மிரட்டக் கூடாது; பலர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது; குடும்பத்தார், நண்பர்களின் வாழ்வில் தலையிடக் கூடாது. ஏஜென்சி செய்யும் தவறுக்கு வங்கியும் நிதிக் கம்பெனியும்தான் பொறுப்பு. "அது ஏஜென்சி ஆள், எங்களுக்குத் தெரியாது" என்று மேனேஜர் கைகழுவ முடியாது.

ஆகவே ஆள் வந்தால் பதறாதீர்கள். உள்ளே விடாதீர்கள். அட்டையையும் கடிதத்தையும் கேளுங்கள். பெயர், ஏஜென்சி, கம்பெனி, கடன் எண், வந்த நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அழைப்பு வந்த எண்களையும் நேரங்களையும் எழுதுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள். பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெண்கள்தான். ஆகையால் இதைப் பெண்களுக்கும் படித்துக் காட்டுங்கள். "எழுத்தில் கொடுங்கள், எழுத்தில் பதில் சொல்கிறோம்" என்ற ஒரு வாக்கியம் போதும். பக்கத்துக் கோலிக்காரர்கள் வேடிக்கை பார்க்காமல் கூட வந்து நிற்க வேண்டும். நாலு பேர் நின்று பெயரைக் கேட்டு எழுதினால் சத்தம் போடுபவனின் தொண்டை தானாக இறங்குகிறது. இதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

எழுத வேண்டியவை

முதலில் போலீஸ். 1930 என்ற எண்ணிலோ சைபர் குற்ற இணையதளத்திலோ புகார் பதியலாம். ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுங்கள். பிறர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவுப்படி மூன்று வருஷம்வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். "உன் ஆதார் ஊரில் இருக்கிறது, அங்கே போய்க் கொடு" என்று திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173 ஆவது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. பதிய மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் எழுதலாம்.

அடுத்து, கடன் கொடுத்த கம்பெனிக்குக் கடிதம். பதிவுத் தபால் 2025 இல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் இப்படி இருக்கட்டும்:

"ஐயா, இன்ன எண்ணுள்ள கடன் என் பெயரில் இருப்பதாக இன்ன தேதியில் உங்கள் ஆள் சொன்னார். அந்தக் கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை, கையெழுத்திடவில்லை, பணம் பெறவில்லை. என் அடையாளத்தைத் திருடி வேறொருவர் வாங்கிய கடன் அது. விண்ணப்பம், அதில் உள்ள போட்டோ, கைபேசி எண், பணம் செலுத்திய வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை எனக்கு அனுப்புங்கள். இந்தப் புகார் முடியும்வரை வசூலை நிறுத்தி வையுங்கள். கடன் தகவல் நிறுவனங்களுக்கு நீங்கள் கொடுத்த தவறான விவரத்தைத் திருத்துங்கள். போலீஸ் புகாரின் நகல் இணைத்துள்ளேன்."

ஆங்கிலத்திலோ இந்தியிலோ மராத்தியிலோ எழுதித் தர சங்கத்தில் ஆள் இருக்கிறது. "எந்தக் கணக்கில் பணம் போட்டீர்கள்?" என்ற கேள்வி மிக முக்கியம். கைபேசி வழிக் கடனைக் கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்கிலேயே நேராகப் போட வேண்டும் என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. நம் கணக்கில் வராத பணம் எப்படி நம் கடனாகும்?

மூன்றாவது, சிபில் முதலான கடன் தகவல் நிறுவனங்கள். இவை நாலு. வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை ஒவ்வொன்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் உள்ள விதி. வசூல்காரன் போனால் போதும் என்று இதை விட்டுவிட்டால், நாளைக்குப் பிள்ளையின் படிப்புக்கோ ஆட்டோ வாங்கவோ கடன் கேட்கும்போது அந்தப் பொய்க் கடன் குறுக்கே நிற்கும். ஆகவே அறிக்கையை வாங்கிப் பார்த்து, நமக்குத் தெரியாத கடன் இருந்தால் திருத்தக் கேளுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று 2023 அக்டோபரில் விதி வந்து, 2024 ஏப்ரலில் அமலானது. கேட்பவனுக்குத்தான் கிடைக்கும்.

கம்பெனி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலும், சொன்ன பதில் நியாயமில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. ரிசர்வ் வங்கியில் பதிவாகாத கள்ளக் கம்பெனி என்றால் போலீஸ்தான் வழி. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அந்த உதவி 1987 ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை.

இனி ஜெராக்ஸ் கொடுக்கும்போது அதன் மேலேயே குறுக்காக "இன்ன தேதி, இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆதாரின் விரல் ரேகையைப் பூட்டி வைக்கலாம். 1947 இல் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்க 2023 முதல் சஞ்சார் சாத்தி என்ற அரசு இணையதளம் இருக்கிறது.

திருடன் நம் வீட்டாள் என்றால்?

பேசத் தயங்கும் விஷயத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். சில விவகாரங்களில் காகிதத்தைத் தோண்டிப் பார்த்தால், எடுத்தவன் வெளியாள் அல்ல. ஊரிலிருந்து வந்து கூடத் தங்கிய தம்பி முறையாக இருக்கிறான். படிவம் நிரப்பிக் கொடுத்த ஊர்க்காரராக இருக்கிறார். அது தெரிந்ததும் குடும்பம் வாயை மூடிக்கொள்கிறது. "போலீசுக்குப் போனால் சித்தப்பா முகத்தில் எப்படி விழிப்பது?" என்கிறார்கள்.

இந்தத் தயக்கம் நமக்குப் புரியாததல்ல. இந்த நகரத்தில் முதல் நாள் படுக்க இடம் கொடுத்தது உறவுதான், முதல் வேலை வாங்கிக் கொடுத்தது ஊர்க்காரன்தான். அந்தக் கயிற்றை அறுக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் மறைத்தால் என்ன ஆகிறது என்று யோசியுங்கள். கடன் நம் பெயரில் நிலைக்கிறது. அவன் அடுத்த கதவைத் தட்டுகிறான். ஒரு குடும்பம் மௌனமாக இருந்ததால் அதே சாலில் இன்னொரு குடும்பம் ஏமாந்ததை நாம் கண்டிருக்கிறோம். எடுத்தவன் சொந்தம் என்றால், அவனைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். கம்பெனியிடம் எழுத்தில் உண்மையை ஒப்புக்கொண்டு கடனைத் தன் தலையில் ஏற்கச் சொல்வோம். மறுத்தால் போலீசுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. உண்மை தெரிந்தும் "யாரோ எடுத்துவிட்டான்" என்று பொய்ப் புகார் கொடுக்க மட்டும் சங்கம் துணை நிற்காது.

அதுபோலவே, தாமே வாங்கிச் செலவழித்துவிட்டுத் திருட்டு என்று சொல்லி வருபவர்களுக்கும் சொல்கிறோம். கட்ட முடியாத கடனுக்குத் தவணை நீட்டிக் கேட்க வேறு வழி உண்டு, அதற்கும் உதவுவோம். பொய் சொன்னால், உண்மையாகவே பறிகொடுத்த பத்துப் பேரின் சொல்லும் செல்லாமல் போகும்.

நமது கோரிக்கைகள்

தனித்தனியாக எழுதி ஜெயிப்பது ஒரு பக்கம். எத்தனை பேர் எழுதுவார்கள்? எழுதத் தெரியாதவர், நாலு மாதம் பொறுக்க முடியாதவர், மகளின் கல்யாணத்தை நினைத்துக் கட்டிவிடுபவர்தாம் அதிகம். வசூல்காரர்களின் வியாபாரம் ஓடுவதே இவர்களை வைத்துத்தான். விதிகள் புத்தகத்தில் இருந்தும் வாசலில் இல்லை என்பதே நம் குறை. ஆகவே சங்கம் கேட்கிறது:

"வாங்கவில்லை" என்று ஒருவர் எழுதிக் கொடுத்த நாளே வசூல் நிற்க வேண்டும்; விதிவிலக்கு என்ற ஓட்டையை அடைக்க வேண்டும். போட்டோவும் கைபேசி எண்ணும் கணக்கு எண்ணும் கேட்டவுடன் தரப்பட வேண்டும். தராத கம்பெனியின் கோரிக்கை தானாகவே ரத்தாக வேண்டும். சரிபார்க்காமல் கொடுத்த கடனின் நஷ்டம் கொடுத்தவனைச் சேர வேண்டும். மிரட்டி வாங்கிய பணம் வட்டியோடு திரும்ப வேண்டும். வங்கிப் படிவங்கள் இங்கே மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. லட்சக்கணக்கான தமிழர் உழைக்கும் நகரத்தில் கடன் நோட்டீசாவது அவரவர் படிக்கும் மொழியில் வர வேண்டும். ஊரில் அந்தத் தாய் நோட்டீசைத் தானே படித்திருந்தால் மூன்று நாள் பட்டினி கிடந்திருக்க மாட்டாள்.

தோழர்களே, தாய்மார்களே! மில் வாசலில் தடிக்கு அஞ்சி நின்ற தொழிலாளி, கமிஷன் முன்னால் ஒருநாள் வாய் திறந்தான். சட்டத்தில் எழுத வைத்தான். அவனைவிட நமக்கு எழுத்தறிவு கூடுதல், சட்டமும் கூடுதல். குறைவது ஒன்றுதான்: அவமானம் என்று எண்ணி ஒளித்து வைக்கிறோம். களவு கொடுத்தவனுக்கு என்ன அவமானம்? ஒவ்வொரு ஞாயிறும் காலை 10 மணிக்குச் சங்க அலுவலகம் திறந்திருக்கும். வந்த நோட்டீசு, மிரட்டல் வந்த கைபேசி, எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பக்கத்துக் கோலியில் இதே தொல்லையில் இருப்பவரையும் கூட்டி வாருங்கள். ஒருவர் எழுதினால் அது கடிதம். நூறு பேர் சேர்ந்து எழுதினால் அதற்குப் பதில் சொல்லாமல் எந்த மேனேஜரும் நாற்காலியில் உட்கார முடியாது.